கதவை அளந்த கயிறு

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது. மச்சானின் மகள் அழுதாள். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாரு. ஒடனே வாங்க."

அமீன் என் மனைவியின் தம்பி. மதுரங்குளியில் ஒரு தளபாடக் கடையில் பதினைந்து வருடம் கட்டிலும் அலுமாரியும் தூக்கியவர். நாலு வருடத்துக்கு முன் வீட்டு வளவுக் காணியில் பாதியை விற்றுச் சின்ன லொறியொன்று வாங்கினார். கடையில் சனங்கள் வாங்கும் சாமான்களை அவர்களுடைய வீட்டில் கொண்டுபோய் இறக்கும் தொழில். என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

அவரைப் போலப் பயந்த மனிதரை நான் கண்டதில்லை. லொறி வந்த அன்று அதைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "மச்சான், இது சரிவராட்டி மிச்ச வளவும் போயிரும். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இன்னமும் எங்க போற?" மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் அவர். அதனால் நான் சிரிக்கவில்லை.

முதல் ஓட்டம் கனமூலையில் ஒரு கலியாண வீட்டுக்கு. கண்ணாடி வைத்த மூன்று கதவு அலுமாரி. முதல் நாளே போய் வாசலை அளந்தோம். எனக்கு எழுத்தும் தெரியாது, இலக்கமும் தெரியாது. எனக்காக அவர் டேப்பை வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார். வாசல் அகலத்துக்கு ஒரு முடிச்சு. அறை வாசலை மட்டும் அளக்கவில்லை. உள்ளே மணப்பெண் இருந்தாள். கேட்க இருவருக்கும் வெட்கம்.

மறுநாள் முன்வாசலால் சுகமாக நுழைந்த அலுமாரி, அறை வாசலில் நின்றுவிட்டது. அன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு நிக்காஹ். பெண்ணின் உம்மா இடுப்பில் கைவைத்தார். "ஏன் தம்பி, மாப்புள அலுமாரிக்கு மேலால ஏறியா உள்ளுக்குப் போற?"

பெண்கள் சிரித்தார்கள். மச்சான் கண்ணாடியைத் தோளால் அணைத்துப் பிடித்தார். "உட்டுறாதீங்க மச்சான். இது ஒடஞ்சா நாம முடிஞ்சோம்."

அப்போது அறைக்குள்ளிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது. "கதவக் கழட்டுங்களன். ரெண்டு பிணைச்சல்தானே."

கதவைக் கழற்றினோம். இரண்டு விரல் இடம் கிடைத்தது. அலுமாரி ஒரு கீறலுமில்லாமல் உள்ளே போனது. மச்சான் வெளியே வந்து லொறிச் சில்லில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கயிற்றை உள்ளே கொடுத்தனுப்புவார். பெண்கள் அறை வாசலை அளந்து, முடிச்சுப் போட்டுத் திருப்பித் தருவார்கள். தொழில் நிலைத்தது. மிச்ச வளவும் தப்பியது. அவருடைய பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் மூன்று தரம் கேட்பார்: "போகுமா மச்சான்?" போகும் என்று நான் சொன்னால்தான் தூக்குவார்.

போன் வந்த அன்று மச்சானின் வீட்டுக்குப் போனபோது, கபுறுக் குழி வெட்டுகிறவர் மச்சானின் மையித்து அளவு கேட்டு நின்றார். லொறிக்குள்ளிருந்து அதே கயிற்றை எடுத்து வந்தேன். தலைமாட்டில் ஒரு நுனி, கால்மாட்டில் முடிச்சு. பிறகு தோளகலம். மச்சானுடைய பயமெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. அவிழ்த்து மறுபடி அளந்தேன். மூன்றாம் தரமும் அளந்தேன்.

"என்ன நானா, ஒருக்கா அளந்தாக் காணாதா?" என்றார் குழி வெட்டுகிறவர்.

காணாது; ஒரு தரம் போதாது. மச்சான் மூன்று தரம் கேட்கிறவர்.

போகும், மச்சான். யா அல்லாஹ், இவர் போகிற இடத்தை இவருக்கு அகலமாக்கிக் கொடு.