புலமைப்பரிசிலும் அம்மாவின் பெயரும்

பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் காதலித்துக்கொண்டிருந்தபோது நான் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எனக்குப் புலமைப்பரிசில் கொடுத்த அறக்கட்டளை, ஒவ்வொரு தவணை முடிவிலும் பரீட்சைப் புள்ளிகளோடு ஒரு கடிதமும் கேட்கும். அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கையால் எழுதியிருக்க வேண்டும். வாசிப்பவருக்குக் கொஞ்சம் மனம் இளக வேண்டும். கடைசிச் சங்கதியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானாகவே புரிந்துகொண்டேன். படிப்பில் எப்படியோ, அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரி.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து கொழும்புக்குப் படிக்கப் போனவள் நான். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும் நாளிலேயே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னை வளர்த்தாள். பல்கலைக்கழகம் கிடைத்தது என்றவுடன் லயமே சந்தோஷப்பட்டது. எப்படி அனுப்புவது என்று அம்மா மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் கிடைத்ததுதான் இந்தப் புலமைப்பரிசில். அது இல்லாவிட்டால் நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு புடவைக்கடையில் நின்றிருப்பேன். ஆகவே அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

சனிக்கிழமைகளில் அறக்கட்டளை எங்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்தியது. கட்டாயம் போக வேண்டும். அதனால் நீண்ட விடுமுறை தவிர வேறு நாட்களில் வீட்டுக்குப் போக முடியாது. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள் ஒருமுறை எல்லப் பக்கம் சுற்றுலா போனார்கள். அங்கிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நான் வகுப்பில் உட்கார்ந்து வினைச்சொற்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் ஊர் மலைகளை அவர்கள் எனக்கு வட்ஸ்அப்பில் காட்டினார்கள். நாடகப் பயிற்சி, சங்கத்துக் கூட்டம், சும்மா மரத்தடியில் உட்கார்ந்து வம்பளப்பது என்று எதிலும் நான் முழுதாக இருந்ததில்லை. புள்ளி குறைந்தால் எல்லாம் போய்விடுமே என்ற பயம் எந்நேரமும் இருந்தது. நாலு வருடமும் விருந்தாளி மாதிரி அடக்க ஒடுக்கமாக இருந்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

வருடத்துக்கு ஒருமுறை உதவி செய்கிறவர்கள் கூடும் கூட்டம் நடக்கும். நல்ல மண்டபம், நல்ல சாப்பாடு. எங்களுக்கு ஒரே நிறத்தில் டீசேர்ட் கொடுப்பார்கள். முதல் வருடம் என்னைப் பேசச் சொன்னார்கள். எங்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட மேடம், நல்ல மனுஷி, "வீட்டைப் பற்றிச் சொல்லுங்க, அதுதான் அவங்களுக்குப் பிடிக்கும்" என்றார். நான் மழையைச் சொன்னேன், காலில் ஏறும் அட்டையைச் சொன்னேன், அம்மாவின் கை வெடிப்பைச் சொன்னேன். "நான் இங்கே நின்று பேசும் இந்த நேரத்திலும் என் அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள்" என்று முடித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பாள். சபை எழுந்து நின்று கைதட்டியது.

பெருமை தாங்காமல் அன்று பின்னேரமே அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னப் பத்தியா பேசுன? என்னன்னு சொன்ன?"

"நீ இன்னமும் மலைக்குப் போறேன்னு சொன்னேம்மா. அதுக்குத்தான் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அப்படியா, சரி சரி" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடமும் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். அதே பேச்சை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன்.

விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அம்மா மெலிந்துகொண்டே போனாள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் வருடம் போனபோது வலது காலைச் சற்று இழுத்து நடந்தாள். கேட்டதற்கு, தேயிலைச் செடியின் வாது குத்திவிட்டது என்றாள். பாதத்தில் பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு காலையில் பெரட்டுக்கு ஓடினாள். அங்கே போய் நின்றால்தான் அன்றைய வேலை கிடைக்கும். "மருந்து கட்டு, சும்மா விட்டுறாத" என்று சத்தம் போட்டுவிட்டு நான் ரயில் ஏறினேன். பரீட்சை இருந்தது. எங்கள் லயத்தில் காலை இழுத்துக்கொண்டு மலைக்குப் போகாத பொம்பளை யார்? எனக்கு அது மனதில் உறைக்கவில்லை.

இறுதி வருடத்தில் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த சித்தி போன் எடுத்தாள். சொந்தச் சித்தி இல்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். அம்மா மலையிலேயே விழுந்துவிட்டாள் என்றும், லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும் சொன்னாள். நான் வந்து சேர்ந்தபோது அம்மாவின் வலது காலை எடுப்பது என்று முடிவாகியிருந்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்? இந்தப் புண்ணோட எப்பிடி வேலைக்கு விட்டனீங்கள்?" என்று கேட்டார். 

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நன்றாக நினைவு திரும்பியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"இனி பேர வெட்டிருவாங்களே. ஒனக்குக் குடுக்குறத நிப்பாட்டிருவாங்களா?"

எனக்கு விளங்கவில்லை. மெதுவாகக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தோட்டத்துத் தொழிலாளியின் பிள்ளை என்றுதானே எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது? தோட்டத்துப் பதிவில் தன் பெயர் இல்லாமல் போனால் தான் தொழிலாளி இல்லை, நான் தொழிலாளியின் பிள்ளையும் இல்லை. அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். கை தட்டியதும் தான் மலைக்குப் போவதற்குத்தானே என்று என் வாயாலேயே நான் சொல்லியிருந்தேன்.

வெளியே இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எங்களுக்குத் தோன்றாது. எங்கள் தோட்டத்தில் பெயர் இருந்தால்தான் காம்பரா. பெயர் இருந்தால்தான் பிள்ளை மடுவத்தில் குழந்தையை விடலாம். செத்தால் பெட்டி தருவதும் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான். பிறந்ததிலிருந்து எல்லாமே அந்தப் பெயரில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள், கொழும்பிலிருந்து வரும் ஒன்று மட்டும் அதில் தொங்கவில்லை என்று எப்படி நினைப்பாள்?

ஆஸ்பத்திரி நடையில் நின்று அறக்கட்டளை மேடத்துக்குப் போன் எடுத்தேன். அவர் பதறிப்போனார். "ஐயோ பிள்ளை, அப்படி ஒரு நிபந்தனையே இல்லையே. அம்மா எப்பவோ நின்றிருக்கலாமே" என்றார்.  உள்ளே போனபோது அம்மா கண்ணை அகல விழித்துக் காத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நிப்பாட்ட மாட்டாங்களாம்மா. படிப்பு முடியப் போகுதுதானே. இவ்வளவு நாளு நீ போனதாலதான் கெடச்சுச்சாம்."

அம்மாவின் முகம் அப்படியே இளகியது. "நான்தான் சொன்னேன்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பொய்யைச் சொன்னதற்கு நான் அப்போது வருந்தவில்லை. காலையும் இழந்து, அது வீண் என்றும் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இப்போது பதுளையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டவுனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் கிளினிக்குக்கு வந்த சித்தி எங்களைப் பார்க்க வந்தாள். அவளுடைய மகளுக்கும் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. அதே அறக்கட்டளை உதவுகிறது. சித்திக்கு முதுகில் ஏதோ கோளாறு. குனிந்து நிமிர முடியவில்லை, டொக்டர் வேலையை விடச் சொல்லிவிட்டார், விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள்.

அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடியே, பேர மட்டும் வெட்டிக்கிறாத. புள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போ. நான் போகல? காலு போற வரைக்கும் போனேன். அதாலதான் இவ இன்னைக்கு ஆபிசுல உக்காந்திருக்கா. வேணும்னா இவகிட்டயே கேளு."

சித்தி என்னைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள், பெருமையோடு.

 பேசாமல் இருந்தால் சித்தி நாளைக்கும் மலை ஏறுவாள்.

"அப்படி ஒரு சட்டமும் இல்ல சித்தி," என்றேன். "நீங்க நின்னாலும் பிள்ளைக்குக் குடுப்பாங்க. நான் கேட்டுட்டேன். அப்பவே கேட்டுட்டேன்."

 அம்மா தன் சேலை நுனியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சித்தியிடம், "கேட்டுக்கிட்டியா? நாளையிலருந்து போகாத. இவ படிச்சவ, சரியாத்தான் சொல்லுவா" என்றாள். சித்திக்கு டீ ஊற்றச் சொன்னாள். மகளுக்கு என்னென்ன உடுப்பு வாங்க வேண்டும் என்று இருவரும் பேசினார்கள்.

சித்தியை பஸ் ஏற்றிவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோவமாம்மா?"

"ஒம்மேல எனக்கு என்ன கோவம்."

வெட்டிய காலை மெதுவாகத் தடவிக்கொண்டாள்.

"எத்தன லீவுக்கு வந்த. இந்தக் கால வச்சுக்கிட்டு எதுக்கும்மா இன்னமும் போறேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, சொல்லியிருப்பேனே."