கையெழுத்துக்குக் காத்திருந்த எச்சரிக்கை

தெருவில் எல்லோருக்கும் அவள் வானிலை அக்கா. துணி காயப்போடலாமா, மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று வாசலிலேயே மடக்கிக் கேட்பார்கள். அவள் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு, தங்களுக்குத் தோன்றியதைச் செய்வார்கள். இவர்களுக்கெல்லாம் தலைவி, கடற்கரையோரம் குடியிருக்கும் அவளுடைய சொந்தத் தங்கை. போன புயலுக்கு அக்கா பேச்சைக் கேட்டு மூட்டைமுடிச்சோடு கிளம்பினாள். புயலோ நடுக்கடலிலேயே புஸ்ஸென்று போய்விட்டது. "உன் புயலுக்கு எங்க வீட்டு விலாசம் தெரியலியாக்கா?" என்று வருடம் முழுக்க வைத்து வாங்கினாள்.

இந்த முறை புயல் வருகிறது என்றதும் அக்கா விடவில்லை. அழுதாள், திட்டினாள், இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றாள். கடைசியில் தங்கை, கணவனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். "வந்தாச்சு, போதுமா? இனிமே நீ சொல்றதுதான் வேதவாக்கு," என்றாள் போனில். அக்காவின் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

அவள் வேலை பார்க்கும் வானிலை அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புயல் கரையைக் கடக்கும்வரை அத்தனை பேரும் கடலோர மேசையைத்தான் மொய்ப்பார்கள். கடலுக்கு எட்டாத ஊர்களைக் கவனிக்கும் உள்நாட்டு மேசை அவளுடையது. அதை அம்போவென்று விட்டுவிட்டு, போனுக்குப் பதில் சொல்ல அவளையும் இழுத்துக்கொண்டார்கள். கூப்பிட்டவர்களெல்லாம் புயலின் கண் எங்கே என்றுதான் கேட்டார்கள். அதன் ஓரத்து மேகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குள் புகுந்து என்ன கூத்தடிக்கும் என்று ஒரு மகராசனும் கேட்கவில்லை.

மதியம் தன் திரைக்குத் திரும்பியபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரேடாரில் இடிமழை மேகங்கள் வரிசையாகச் சேர்ந்து, செக்கச்செவேலென்று உள்நாட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நேரெதிரே நாத்தனாரின் ஊர்.

மளமளவென்று எச்சரிக்கையை எழுதினாள். ஆனால் தலைமை அதிகாரி கையெழுத்துப் போடாமல் அது வெளியே போகாது. போகும்முன் வீட்டு மனிதர்களிடம் மூச்சு விடக்கூடாது. ஆளாளுக்குச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் ஊர் முழுக்கப் புரளி கிளம்பும் என்பது காரணம். நியாயமான காரணம்தான், அதுதான் கொடுமை.

அதிகாரியோ கண்ணாடி அறைக்குள் தொலைக்காட்சிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். தட்டினாள். இருங்கள் என்று கைகாட்டினார். தாளைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். தலையாட்டிவிட்டு, மறுபடி அலையின் உயரத்துக்குப் போய்விட்டார். தங்கையின் எண்ணை எடுப்பாள், வைப்பாள். அந்த ஊருக்கே ஓடிவிடலாம் என்றால் வாசலின் இரும்புக் கதவைப் புயலுக்காக இறக்கிவிட்டார்கள். ஓடித்தான் என்ன, காற்றை முந்தவா முடியும்? அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

ஒருவழியாகக் கையெழுத்து விழுந்தது. எச்சரிக்கை போன மறுநொடி தங்கையைக் கூப்பிட்டாள்.

அந்தப் பக்கம் பிள்ளைகளின் அலறல். "அக்கா, தகரக் கொட்டகை அப்படியே இவர் மேல சாஞ்சிடுச்சுக்கா. கால் நசுங்கிடுச்சு. இப்பதான் வெளிய இழுத்தோம்."

"உள்ள இருக்க வேண்டியதுதானேடி? வானம் இருட்டினது தெரியலியா?"

"தெரிஞ்சுது. உள்ளயே இருந்திடலாம்னுதான் இவரும் சொன்னாரு. நான்தான், ஏதாச்சும்னா அக்கா கூப்பிட்டிருப்பாளே, பயமில்ல, வண்டிய கொட்டகையில விட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன்."

அக்கா கூப்பிடாமல் இருந்ததையும் தங்கை நம்பியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்க்கா. போலாம்ல?"

திரையில் இன்னொரு சிவப்பு வரிசை முளைத்து அதே ஊரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு எச்சரிக்கை இன்னும் எழுதப்படவில்லை. தலைமை அதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"போகாதடி," என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி. "இன்னொண்ணு வருது. அவரைத் தூக்கிட்டு மாடிப்படிக்குக் கீழ போங்க."

"ரத்தம் நிக்கலியேக்கா."

"துணிய வச்சு இறுக்கிக் கட்டு. நான் சொல்றவரைக்கும் யாரும் வெளிய வரக்கூடாது."

"சரிக்கா," என்றாள் தங்கை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.