வரிசையில் நின்ற பச்சைக் குடங்கள்

என் ஓரகத்தியின் பிளாஸ்டிக் குடங்கள் ஆறும் பச்சை நிறம். அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருப்பாள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் போர்க் கிணறுகள் எல்லாம் வற்றிப்போன அந்தக் கோடையில், நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் லாரித் தண்ணீர்தான் கதி. ஆள் நிற்க வேண்டியதில்லை; குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் அந்த இடம் அவரவருடையது. அடுத்தவர் குடத்தை நகர்த்துவது எங்கள் தெருவில் நடக்காத காரியம். அவள் குடங்கள் எப்போதும் முன்னால் நிற்கும். பார்க்கவே எனக்கு வயிறு எரியும்.

குடம் மட்டுமா? என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தவள், எல்லாவற்றிலும் முன்னால் போனாள். பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அவளுக்குக் கத்தரி காய்த்தது; எனக்குச் செடியே கருகியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகள் கல்யாணமாகாமல் வீட்டில் இருக்க, அவளைவிட இரண்டு வயது இளையவளான ஓரகத்தி மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளைக்கு அரசு வேலை என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வரும் நாளன்றே லாரியும் வந்தது. அதற்கு முன் தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவள் குடங்களைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிட்டேன். நினைத்தபடியே அவள் முறை வருமுன் தண்ணீர் தீர்ந்தது. விருந்தாளி வரும் வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

சண்டைக்கு வருவாள் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவளோ வெறுங்குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நம்ம பிள்ளையப் பாக்க வாராக. ரெண்டு கொடம் தண்ணி குடுங்க."

நம்ம பிள்ளை என்றவளிடம் எப்படி இல்லையென்பது? ஊற்றிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா செம்பை வாங்கிக் குடித்தபோது, இது எங்கள் அக்கா கொடுத்த தண்ணீர் என்று ஓரகத்தி எல்லோர் முன்னாலும் சொன்னாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. சம்பந்தம் முடிவானது.

போன மாதம் ஆனையூரில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போயிருந்தேன். குழாயைத் திறந்து வைத்துப் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள் ஓரகத்தி. என் மகளுக்கும் நல்ல இடம் அமைந்துவிட்டது. இருந்தாலும் அந்தக் குழாய் மேல் கண் போகத்தான் செய்தது. இத்தனை வருடம் உறுத்தியதை அன்று சொல்லிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்க்கா. அதான் வேற வீட்டுக்குப் போகாம நேரா உங்ககிட்ட வந்தேன்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பழைய வயிற்றெரிச்சல்தான். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்று தெருவே கூடியிருக்கும். பிள்ளையின் கல்யாணமும் நின்றிருக்கும்.