மிச்சமிருந்த நான்கு போல்ட்டுகள்

சூசை அண்ணனைக் கொன்றது மாரடைப்பு இல்லை. சாத்திய கதவு. அதைச் சாத்தச் சொன்னவர் குற்றாலத்தில் விடுதி நடத்துகிறார். சீசன் முடிகிறவரை அவர் விடுதியில் அறை காலி இல்லை.

செய்தி வந்தபோது நான் சிவகிரியில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். போனில் பேசியது அந்த விடுதியின் காவலாளி. "தம்பி, உங்க ஆளு எந்திரிக்க மாட்டேங்காரு. மொதலாளி அவரு வீட்டுக் கார்ல தூக்கிட்டுப் போயிருக்காங்க. நீ நேரா தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்துரு." நான் போவதற்குள் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். விலக்கிப் பார்த்தேன். வெற்றிலை போட்டவரைப் போல உதடு சிவந்திருந்தது. நகக்கண்களும் அப்படியே. அண்ணன் வெற்றிலை போடுவதில்லை.

"நெஞ்சு வலிக்குன்னான், விழுந்துட்டான்" என்று முதலாளி டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். சீட்டில் அதுவே ஏறியது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஊரில் இன்னொரு பேச்சு கிளம்பியது: குடித்திருந்தானாம். அண்ணனின் மனைவி மரியம்மை அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அவரு தொட மாட்டாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஊருக்கு யாரு சொல்லுவா?"

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆய்க்குடி சாலையில் எங்கள் பட்டறைக்கு வண்டி கொண்டுவந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் எனக்குக் குரு இல்லை, கூட்டாளி. ஆறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே தினமும் சண்டை போட்டிருக்கிறோம். நான் ஸ்பானரில் குழாயைச் செருகி முழு பலத்தோடு திருகுகிற ஆள். அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "இரும்பு எப்ப விடுமோ அப்பதான் விடும்லே. நீ ஸ்பானரைக் கடிச்சாலும் சரி" என்பார். நான் ஒடித்த போல்ட்டுகளை ஒரு கம்பியில் கோத்து என் மேசைக்கு மேலே மாட்டியும் வைத்தார்.

அவர் முறை மெழுகு. துருப்பிடித்த போல்ட்டை நன்றாகச் சுடவைத்து, மெழுகுவர்த்தியை அதன் மேல் ஒற்றுவார். உருகிய மெழுகு போல்ட்டின் திருகு மரைக்குள் இறங்கும். அப்புறம் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மெழுகுக்கு அவர் கடைக்குப் போனதில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் காலை, எரிந்து மிஞ்சிய துண்டுகளைப் பால்பவுடர் டப்பாவில் பொறுக்கிவருவார். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஒருநாள், "செத்தவங்க வெளக்கையே திருடுதியே, வெக்கமா இல்ல?" என்று பிடித்துக்கொண்டார். அண்ணன் சொன்னது: "அவங்க கோவிக்க மாட்டாங்கய்யா. உயிரோட இருக்கவன் வண்டிலதான் நட்டு கழல மாட்டேங்குது." அடுத்த வருடத்திலிருந்து கோயில்பிள்ளையே துண்டுகளைச் சேர்த்துவைத்தார்.

விடுதி முதலாளியின் வண்டி அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், மிளகாய்ச் சிவப்பு. விருந்தினர்கள் அதன் மேல் சாய்ந்து படம் எடுப்பதற்காக வாங்கியது. காலையில் கிளப்பினால் டிக் டிக் என்று சத்தம். அண்ணன் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினின் இரு பக்கமும் நகர்த்திக் கேட்டார். சிலிண்டர்களிலிருந்து புகையை வாங்கிப் பின்னால் அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிபோல்டு பக்கத்துக்கு ஒன்று. இரண்டிலும் வெடிப்பு விழுந்திருந்தது.

"அண்ணாச்சி, எஞ்சின் கொதிக்கையில தண்ணி ஊத்துனீங்களோ?"

"சும்மா தண்ணி இல்லடே. ஐந்தருவித் தண்ணி, ரெண்டு கேன். மூலிகை கலந்தது. மனுசனுக்கே நோய் தீருது."

"மனுசனை அடுப்புல வச்சுட்டா குளிப்பாட்டுதாங்க?"

நான் சிரித்துவிட்டேன். முதலாளி சிரிக்கவில்லை. பசை பூசி அடைக்கச் சொன்னார். அண்ணன் முடியாது என்றார். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜோடி மேனிபோல்டு வந்தது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகக் கேட்டோம். "என் வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போனா ஊரு சிரிக்கும். இங்கனயே பாருங்க." விடுதிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஜன்னல் கிடையாது.

இடது பக்கம் எட்டு போல்ட்டும் ஒடியாமல் வந்தன. புதியதை மாட்டினோம். வலது பக்கம் நான்கு தளர்ந்தன. மிச்சம் நான்கு அசையவில்லை. அன்று நானும் அங்கே இருந்தேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"கேஸ் வச்சு சுடவைக்கணும் அண்ணாச்சி," என்றார் அண்ணன்.

"பெயிண்டுக்குப் பக்கத்துல நெருப்பா? கூடாது."

"அப்ப எஞ்சினை ஓட்டித்தான் சூடாக்கணும். புகை உள்ளயே நிக்கும். வண்டியை வெளிய தள்ளிக்கிடுதோம்."

"சாரல் அடிக்குது, கண்ணு தெரியலையா? வண்டி நனையக் கூடாது. கதவைச் சாத்திட்டு வேலையைப் பாரு. நாளன்னைக்கு கெஸ்ட்டு வாராங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தேன். இந்த வேலையை முடித்துவிட்டால் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் எங்களைத் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டவன் நான்தான். திரும்பும் வழியில் டீக்கடையில் அண்ணன் சொன்னார்: "சாரல்ல நனைஞ்சா வண்டிக்குத் தடுமம் பிடிச்சுத் தும்மும்னு பயப்படுதாருலே." அவர் சொல்லி நான் கேட்ட கடைசிக் கேலி அது.

மறுநாள் நான் சிவகிரி போனேன். அவர் தனியாகக் கொட்டகைக்குப் போனார். பிறகு நடந்ததைக் காவலாளி சொன்னார். "கதவைத் திறந்தா வண்டி உறுமிக்கிட்டே கெடக்கு. உள்ள நிக்க முடியல. நாந்தான் சாவியைத் திருகுனேன்." இப்போது அவர் அங்கே வேலையில் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ தம்பி" என்றார்.

வெடித்த இரும்பிலிருந்தும், தளர்ந்த நான்கு போல்ட்டுகளின் இடைவெளியிலிருந்தும் புகை வந்திருக்கிறது. போக வழியில்லை. அந்தப் புகையில் ஆளை மயக்கிக் கொல்லும் வாயு இருப்பது அண்ணனுக்குத் தெரியும். அதனால்தான் வண்டியை வெளியே தள்ளக் கேட்டார். அவர் உதடும் நகக்கண்ணும் சிவந்தது அந்த வாயுவால். நனையக்கூடாதது வண்டி. நனைந்தால் துடைத்துவிடலாம் என்பது முதலாளிக்குத் தெரியாதா?

இரண்டு வாரம் கழித்து, மிச்ச வேலையை முடிக்கச் சொல்லி ஆள் வந்தது. வண்டி என் பட்டறைக்கு வந்தால் செய்கிறேன் என்றேன். ஊர் சிரிக்கும் என்றவர், டிராக்டரில் கட்டி, தார்ப்பாய் போர்த்தி அனுப்பினார். நான் அதைத் திறந்தவெளியில் நிறுத்தினேன். அதே தார்ப்பாயை நான்கு கம்பில் உயரக் கட்டினேன். பக்கமெல்லாம் காற்று. அண்ணனின் டப்பாவை எடுத்தேன். சுடவைத்தேன், மெழுகு ஒற்றினேன், காத்திருந்தேன். முதல் நாள் ஒன்றும் அசையவில்லை. குழாயைச் செருகக் கை பரபரத்தது. செருகவில்லை. இரண்டாம் நாள் இரண்டு வந்தன. மூன்றாம் நாள் மற்ற இரண்டும். ஒன்றும் ஒடியவில்லை. புதிய மேனிபோல்டை மாட்டிக் கிளப்பினேன். டிக் டிக் சத்தம் இல்லை. மரியம்மை அக்கா பட்டறை வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த டப்பாவும் அந்தப் பொறுமையும். வரும் நவம்பரில் அவர் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரியும். மறுநாள் காலை நான் போய்ப் பொறுக்குவேன்.

காரின் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. மூன்று முறை ஆள் வந்தது. கொடுக்கவில்லை. நேற்று முதலாளியே போனில் வந்தார். மரியம்மை அக்கா முன்னால் நின்று, "கதவைச் சாத்தச் சொன்னது நான்தான், அவர் குடிக்கவில்லை" என்று சொல்லுங்கள், சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மறுமுனையில் வரவேற்பறை டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு போனை வைத்துவிட்டார்.

ஊர் படிக்க மறுபடி கேட்கிறேன். பட்டறைக்குக் கதவே இல்லை, அண்ணாச்சி. வாருங்கள். வந்து சொல்லுங்கள்.