சென்டம் வாங்கிய பெண்

“இது எத்தனை மார்க்குக்கு அக்கா?” என்பதுதான் அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அப்போது அவளுக்குப் பதினோரு வயது. ஸ்ரீரங்கத்தில் மேல அடையவளஞ்சான் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தரைத்தளத்து வாடகை வீடு. தையல் மிஷினின் மேல்பலகையை மூடி, அதன்மேல் என் படிவத்தை விரித்து வைத்திருந்தாள். பென்சில் கூராகச் சீவப்பட்டிருந்தது, ரப்பர் பக்கத்திலேயே தயாராக இருந்தது. இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய சிவப்பு ரிப்பன். பரீட்சை ஹாலில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நூத்துக்குடா கண்ணு” என்றேன். பொய்யில்லை, அந்தப் படிவத்தின் கணக்கு நூற்றுக்குத்தான். ஆனால் அதைக் குழந்தையிடமோ பெற்றோரிடமோ சொல்லக் கூடாது என்று எனக்குப் பயிற்சி கொடுத்தபோதே சொல்லியிருந்தார்கள்.

நான் அப்போது திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆய்வு உதவியாளர். அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை, வளர்ந்தது கைலாசபுரம் குவார்ட்டர்ஸில், படித்தது சமூகப்பணி. என் அம்மாவுக்கு என் வேலையைப் புரியவைக்கவே முடியவில்லை. “குழந்தைகளோட வாழ்க்கைத் தரத்தை அளக்கறோம்மா” என்றால், “அதை எந்தப் படியில அளப்பீங்க, சொல்லேன் கேப்போம்” என்று கேலி செய்வாள். எங்கள் படி, நாலு பக்கப் படிவம். பிறக்கும்போதே குடலிலோ ஆசனவாயிலோ குறையோடு பிறந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் வீட்டுக்கு நான் போக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ வரை ஐந்து கட்டங்கள். பிள்ளை டிக் போடும். அந்தப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர்தான் இந்த ஆய்வையும் நடத்தினார். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுன்னு நான் சொல்லலாம்மா. நல்லா இருக்கேன்னு பிள்ளைதான் சொல்லணும்” என்பார். நல்ல மனிதர். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

பாப்பா ஆசனவாய் இல்லாமல் பிறந்தவள். வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். பிறந்த மறுநாளே வயிற்றில் துளை போட்டு ஒரு பை மாட்டினார்கள். அப்புறம் கீழே வழி செய்ய ஓர் ஆபரேஷன், பையை எடுக்க இன்னொன்று. வழி செய்துவிடலாம், ஆனால் வருகிறது என்று சொல்கிற உணர்வை எந்த டாக்டராலும் தைத்து வைக்க முடியாது. அதனால் தினமும் காலையில் எனிமா கொடுத்துக் குடலைக் கழுவி அனுப்ப வேண்டும். அப்படியும் வகுப்பில் கசிந்துவிடும். பையில் ஒரு மாற்று யூனிஃபார்ம் இருக்கும். போதாக்குறைக்கு ஒரு சிறுநீரகம் பிறவியிலேயே சுருங்கிப்போனது. இருக்கிற ஒன்றைப் பொத்திப் பொத்திக் காப்பாற்ற வேண்டும், அதற்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மூத்திரத்தை அடக்கவே கூடாது என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

முதல் தடவை அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள், யோசித்தாள், அழித்து எழுதினாள். ‘கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமோ என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறேன்’ என்ற வரி வந்ததும் நிமிர்ந்து பார்த்து, “லஞ்ச் டைம்ல ஒரே ஒரு வாய் குடிப்பேன்க்கா. அதுக்கு எந்தக் கட்டம்?” என்றாள். ‘மற்றவர்கள் என் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள்’ என்பதற்கு யோசிக்காமல் ‘அடிக்கடி’ போட்டுவிட்டு, “ஒருத்தி மட்டும் உட்காருவா. அவளுக்கு எப்பவும் சளி” என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு நாணயமாக யாரும் அந்தப் படிவத்தை நிரப்பி நான் பார்த்ததில்லை.

கஷ்டம் குறையக் குறைய மார்க் கூடும். கூட்டிப் பார்த்தால் நாற்பத்து மூன்று வந்தது. அதற்குள் அவள் அம்மா காபியோடு வந்துவிட்டார். அந்த அம்மா வீட்டிலேயே டியூஷன் எடுப்பவர். சாயங்காலம் ஆனால் அந்தக் கூடத்தில் பதினைந்து பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள். அப்பா மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணில் படுவார். அம்மா டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே, “எவ்வளவு மேடம் வந்திருக்கு?” என்று கேட்டார். சொல்லக் கூடாது. வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டேன். “நாப்பத்தி மூணா?” என்று அவர் திரும்பி மகளைப் பார்த்தார். கிளாஸில் முதல் ரேங்க் வாங்குகிற பெண், வாழ்நாளில் முதல் தடவையாக நாற்பதுகளில் மார்க் வாங்கியிருக்கிறாள். அவள் தலை கவிழ்ந்துவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இறுக்கத்தைக் கலைக்க வேண்டும் என்று, “விடுங்கம்மா, அடுத்த தடவை நம்ம பாப்பா சென்டம் எடுத்துடுவா, பாருங்க” என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை.

எங்கள் ஆய்வில் ஓர் ஏற்பாடு உண்டு. அறுபதுக்குக் கீழே வந்தால் ஒரு வாரத்துக்குள் டாக்டர் கூப்பிட்டுவிடுவார். வியாழக்கிழமை தோறும் தனி கிளினிக், அதில் ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். எனிமா போட்டுவிடப் பழக்கிய நர்ஸ் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையோடும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவார். அறுபதுக்கு மேலே என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். எல்லோரையும் வாராவாரம் பார்க்க இடமும் ஆளும் இல்லை. நாற்பத்து மூன்று என்பதால் பாப்பாவுக்கு வியாழக்கிழமை கிடைத்தது. ஆறு மாதம் ஒழுங்காக வந்தார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பையோடு வந்து இறங்கும் அம்மாவையும் மகளையும் நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி படிவத்தோடு போனேன். இந்த முறை எட்டே நிமிஷம். ஒரு வரியையும் வாய்விட்டுப் படிக்கவில்லை, ரப்பரைத் தொடவில்லை. பென்சில் முதல் கட்டங்களிலேயே மேலிருந்து கீழே இறங்கிப் போயிற்று. ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை. நூற்றுக்கு நூறு. நான் சந்தோஷப்பட்டேன். என்ன மடத்தனம்! டாக்டர் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி, “நூறா? அம்மா பக்கத்துல இருந்தாங்களா?” என்று கேட்டார். “இல்ல சார், நான்தான் கூடவே உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லித்தரல, அவளாத்தான் போட்டா” என்று அடித்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் வைத்த பெற்றோர் கூட்டத்தில் பெயரைச் சொல்லாமல் அவளைப் பாராட்டினார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, எல்லோரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். கைதட்டினார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “இனிமே வியாழக்கிழமை ஸ்கூல் லீவு போட வேண்டாம்ல மேடம்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அப்புறம் ஆய்வு முடிந்தது, எனக்குக் கல்யாணம் ஆனது, வேலை மாறியது. இப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறேன். நோயாளிகளுக்குக் காப்பீட்டுக் காகிதங்களை எழுதிக்கொடுப்பது, ஆறுதல் சொல்வது. போன ஆவணி மாதம் ஒருநாள் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்க்க வார்டுக்குள் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் கையில் ஊசியோடு படுத்திருந்த ஒரு மெலிந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சென்டம் அக்காதானே நீங்க?” என்றாள். எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலிலிருந்து அவள் அம்மா எழுந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

பாப்பாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. இருந்த ஒரு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் அந்த மிஷினோடு கிடக்க வேண்டும். காலேஜ் முதல் வருஷத்தோடு நின்றது. அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இருவரிடமிருந்தும் சிறுநீரகம் எடுக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று அம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து நாலு மணி வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தது, பாத்ரூம் பக்கமே போகாமல் அடக்கி வைத்தது, எரிச்சலோடு காய்ச்சல் வந்த நாட்களில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதியது. “நாப்பத்தி மூணுன்னு நீங்க சொன்னீங்கல்லக்கா, அன்னைக்கு அம்மா பாத்ரூம்ல பைப்பைத் திறந்து விட்டுட்டு அழுதாங்க. எனக்குக் கேக்காதுன்னு அவங்களுக்கு நெனப்பு. அதான் அடுத்த தடவை எல்லாம் நல்லதா போட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல.” என்மேல் கோபமே இல்லாமல்தான் சொன்னாள். கொஞ்சம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டுமாமே என்று கேட்டதற்குச் சிரித்தாள். “அது நமக்குப் பழக்கம்தானேக்கா.”

பிறகு ஒன்று கேட்டாள். “அந்த ஃபாரத்தை மாத்தித் தர முடியுமாக்கா? நான் எழுதினது எல்லாம் பொய். என்னைக் காட்டித்தானே வேற பாப்பாங்களையும் வீட்டுக்கு அனுப்புவாங்க? அதை மட்டும் சரி பண்ணிடுங்க.” உடம்பைப் பற்றி அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. இது ஒன்றுதான் கேட்டாள். வீட்டுப் பரணில் பழைய ஃபைல்களைப் புரட்டி ஒரு வெற்றுப் படிவத்தைத் தேடி எடுத்தேன். அடுத்த டயாலிசிஸ் அன்று அவள் சொல்லச் சொல்ல நான் டிக் போட்டேன், ஊசி குத்திய கையால் அவளால் எழுத முடியவில்லை. பதினோரு வயதில் அவள் எப்படி இருந்தாளோ அதை நினைத்துச் சொல் என்றேன். பழையபடி ஒவ்வொரு வரியிலும் நின்று யோசித்தாள். இருபத்தொன்பது வந்தது. முதல் தடவைகூட அம்மாவுக்காகக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருக்கிறாள். அது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் ஓய்வுபெற்றுச் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தேன். பாப்பாவை ஞாபகம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். “அந்தக் கணக்கெல்லாம் முடிஞ்சு எழுதி அனுப்பியாச்சேம்மா. இனிமே அதுல கை வைக்க முடியாது” என்றார். “அதுவும் அந்த ஃபாரம் பதினெட்டு வயசு வரைக்கும்தான். இப்ப அவ சொல்றதை எதுல சேர்க்கறது?” வியாழக்கிழமை கிளினிக் அவர் போன பிறகு நடக்கவில்லை என்பது எனக்கே தெரியும். நர்ஸ் வெளிநாடு போய்விட்டார். “எவ்வளவு வந்துது?” என்று கடைசியாகக் கேட்டார். சொன்னேன். “நான் ஸ்கேனை நம்பியிருக்கணும், மார்க்கை நம்பிட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். அவரை என்ன சொல்ல? அந்த மார்க்குக்கு ஜாமீன் நின்றவள் நான்.

மறுநாள் வார்டுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. அதற்கு மறுநாள் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, பாப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திறந்தாள். “கொடுத்துட்டீங்களாக்கா?” என்றாள். முடியாது என்று சொல்லத்தான் போயிருந்தேன், வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும், “கொடுத்துட்டேன்டா” என்றேன். “டாக்டர் பார்த்தாரா?” பார்த்தார் என்றேன். “இருபத்தொம்பதுக்கு என்ன சொன்னாரு?” இந்தப் பாழாய்ப்போன வாய் அப்போதாவது மூடிக்கொண்டதா? “அறுபதுக்குக் கீழ வந்தா என்ன சொல்வாரு? உடனே வரச் சொன்னாரு” என்றேன். பாப்பாவுக்கு நான் பொய் சொல்வது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஃபைலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, எட்டு வருஷத்து ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தார். “எப்ப வரச் சொன்னாருங்க மேடம்? வியாழக்கிழமையா? நாளைக்கேன்னாலும் கூட்டிட்டு வந்துடறேங்க” என்றார்.