ரிமோட் என் மகன் கையில்

வாயால் பிழைத்தவன் நான். அடுகோடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தபோது வாடிக்கையாளரிடம் கன்னடம், சிவாஜிநகர் கறிக்கடையில் உருது, வீட்டில் தமிழ் என்று மூன்றிலும் சண்டை போடுவேன். பிறகு பார்கின்சன் வந்து வலது கை ஆட ஆரம்பித்தது. சில வருஷம் மாத்திரைக்குக் கேட்டது. அப்புறம் எவ்வளவு கூட்டினாலும் கேட்கவில்லை.

மூளைக்குள் கம்பி இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்தார்கள். முழு மயக்கம் கிடையாது. மண்டையில் துளை போட்டுக்கொண்டே கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். தூக்கினேன், ஆடவில்லை. அன்றைக்கு அழுதேன்.

ஆனால் பேட்டரியின் கரண்ட்டைக் கூட்டக் கூட்ட நாக்கு குழறியது. டாக்டர் ஒளிக்கவில்லை. குறைத்தால் பேச்சு தெளியும், கை ஆடும், எது வேண்டும் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் முதல் சொல்லைத் திரட்டுவதற்குள் மகன் முந்திக்கொண்டான்.

"கை நின்னா போதும் டாக்டர்."

ஆடுகிற கை நாலு பேர் கண்ணில் படும். குழறுகிற பேச்சுக்கு, அப்பா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை என்று சொல்லிவிடலாம். பேச்சுதான் வேண்டும் என்று மகனிடம் எழுதிக்கூடக் காட்டினேன். அடுத்த விசிட்டில் பார்க்கலாம் என்றான். அந்த விசிட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அதிலிருந்து நான் வேடிக்கைப் பொருள். பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு யார் ஆப்பிளோடு வந்தாலும் மகன் ரிமோட்டை எடுத்து என் நெஞ்சு பேட்டரியை அணைப்பான். கை ஆடும். திரும்பப் போடுவான், நிற்கும். வந்தவர்கள் சாமியைப் பார்த்த மாதிரி கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் மைத்துனர் குடும்பம் வந்தது. வழக்கம்போல அணைத்தான். மைத்துனர் மகள் வீடியோ எடுப்பதற்காக, கொஞ்ச நேரம் அப்படியே விடச் சொன்னாள். கை தோள்வரை உதறியது. கூடவே நாக்கின் கட்டு தளர்வதும் தெரிந்தது. மனைவியைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னேன்.

"கை ஆடுனா ஆடட்டும். எனக்குப் பேசணும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

எல்லாருக்கும் கேட்டது. அவள் கண் மட்டும் உதறுகிற கையிலேயே இருந்தது.

"பாக்க முடியலடா, போட்டுடு," என்றாள் மகனிடம்.

போட்டான். கை நின்றது. சற்று நேரத்தில் நாக்கும் தடித்துவிட்டது. மைத்துனர் ஒரு டம்ளர் நிறையக் காபியை என் கையில் கொடுத்தார். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.