மஞ்சள் தெளித்த சேவல்

மகள் காய்ச்சலில் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மனைவி முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். நான் போனில் ஒரே கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் போட்டேன். கத்தியோடு துரத்தும் முதலாளியை ஏய்த்துவிட்டு ஒரு பண்ணைச் சேவல் தப்பி ஓடும்; பன்றியும் வாத்துகளும் அதை ஒளித்துவைக்கும். அதைப் பார்த்துத்தான் பிள்ளை சிரித்தது. மறுநாள் காய்ச்சல் விட்டது.

கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்ததும் சேவல் வாங்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சமையல் குசினி வாசலில் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிப் பக்கம் எங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் வெட்ட வேண்டும். அன்று காலை பஸ்ஸுக்குப் புறப்படும் நேரத்தில் மகள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

வேறு சேவல் வாங்கலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன மடத்தனமான பேச்சு! மஞ்சள் தெளித்த பிறகு அது சாமியுடையது. முனியாண்டியை ஏமாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். சேவல் மதிலேறிக் குதித்தது. நான் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தேன். வாசற்படியில் நின்ற மகள் கைதட்டிச் சிரித்தாள். "ஓடு, மாட்டிக்காத!" என்று சேவலைப் பார்த்துக் கத்தினாள்.

மனைவி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, மறுபடி சுடுது."

நான் எழுந்து சேவலைத் துரத்தி ஓடினேன்.